எண்ணாமல் விட்ட கை

இன்னாசி கடலை விட்டு ஆறு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் மீன் வாங்கப் போனால் அவர் வாய் சும்மா இருக்காது. தாமிரபரணிக் கரை வண்ணார்பேட்டையில் வண்டியில் மீன் விற்கிறவனை நிறுத்தி, செவுளைத் தூக்கிப் பார்த்து, "என்னவே, இது செத்து இத்தனை நாளாச்சே, இதோட வீட்டுக்குச் சொல்லி விட்டாச்சா?" என்று கேட்பார். மீன்காரனும் சிரித்துக்கொண்டு, "அண்ணாச்சி, ஒமக்குப் பயந்து நான் வேற தெருவுக்குப் போயிருதேன்" என்பான். அவ்வளவு பேசிவிட்டு அதே மீனைத்தான் வாங்கிக்கொண்டு வருவார். ஆற்றங்கரையில் குடியிருந்தால் கடல் மீன் அப்படித்தான் கிடைக்கும், என்ன செய்ய?

அவருடைய சொந்த ஊர் இதே தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில் இருக்கிறது. முழங்கால் தேய்ந்து வள்ளத்தில் ஏற முடியாமல் போனது, மனைவி மரியம்மாள் இறந்தது, மருமகள் ஆன்லினுக்கு வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது, மூன்றும் ஒரே வருடத்தில் நடந்தன. பெட்டியைக் கட்டிக்கொண்டு மருமகளோடு மேற்கே வந்துவிட்டார். ஒரே மகன் அலெக்ஸ் வளைகுடாவில் ஒரு அரபி முதலாளியின் லாஞ்சு என்கிற விசைப்படகில் மீன் பிடிக்கிறான். வருடத்தில் இரண்டு மாதம் வருவான். பேத்தி ஸ்வீட்லினுக்கு நாலு வயது. மாடியில் இவர்கள் குடியிருக்க, கீழே வீட்டுக்காரர் சுந்தர்ராமன் இருந்தார். கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி போனபிறகு பேச ஆள் இல்லாதவர். காலையில் பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் இன்னாசியைப் பிடித்து உட்காரவைத்துப் பேப்பர் வாசித்துக் காட்டுவார்.

மீன் பிடித்ததைவிட இன்னாசி பெருமையாகச் சொல்லிக்கொள்வது, பதினான்கு வருடம் ஊர்க் கமிட்டியின் செயலாளராக இருந்ததை. அந்த ஊரில் தலைவர் தன் இஷ்டத்துக்கு ஆளைக் கிளப்பிவிட முடியாது. அடுத்த ஊரோடு தகராறு, வள்ளம் இறக்க வேண்டும் என்றால் முதலில் மாதா கோயில் மணியை அடிக்க வேண்டும். கோயிலுக்கு முன்னால் மணலில் ஊர் கூட வேண்டும். வீட்டுக்கு ஒரு கை. செயலாளர் ஒவ்வொரு கையாக எண்ணிச் சொல்வார். ஆம்பிளை கடலில் இருந்தால் அந்த வீட்டுக் கையை அவன் பெண்டாட்டி தூக்கலாம். இந்தக் கடைசி வழக்கம் மட்டும் பழையதில்லை. இன்னாசி செயலாளராக வந்த வருடம் மல்லுக்கட்டிக் கொண்டுவந்தது. "சாவப் போறவன் புருசன். தாலியறுக்கப் போறவ அவ. அவளைக் கேக்காம நாம எப்படிவே முடிவு பண்ணுதது?" என்று கேட்டுத்தான் ஊரை ஒப்புக்கொள்ள வைத்தார்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் ஊர்க்காரர்களின் வலைகள் துண்டு துண்டாக மிதந்தன. பக்கத்து வடக்கூர்க்காரன்தான் அறுத்துவிட்டான் என்று பேச்சு. தலைவர் குரூஸ் ரத்தம் கொதிக்கிற ஆள். எட்டு வள்ளத்துக்கு ஆள் சேர்த்துவிட்டார். வள்ளத்தில் இரண்டு சாக்கும் ஏறியது. சாக்கில் இருந்தது அரிவாளா, நாட்டு வெடியா என்று ஊரில் கேட்டால் எல்லாரும் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

"மணி அடிக்கணும்" என்றார் இன்னாசி.

"சண்டைக்கா போறோம்? நம்ம வலையை எடுத்துட்டு வரப் போறோம். இதுக்கெல்லாம் எதுக்குலே மணி?"

"வலை எடுக்கதுக்குச் சாக்கு எதுக்கு?"

கேட்டுவிட்டு அவரே ஓடிப்போய் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேர் அவரைப் பிடித்துத் தள்ளினார்கள். கயிற்றை விடவில்லை. கூட்டம் கூடி எண்ணியபோது போக வேண்டாம் என்று நூற்றுப் பதினேழு கை, போக வேண்டும் என்று எண்பத்தொன்பது. வேண்டாம் என்ற கைகளில் முப்பத்துநாலு பெண்களுடையது. மூன்றாம் நாள் தெரிந்தது, வலை மேல் ஏறிப் போனது துறைமுகத்துக்குப் போன ஒரு சரக்குக் கப்பல். வடக்கூர்க்காரர்களின் வலையும் அதே கதியில்தான் கிடந்தது. குரூஸ் அன்றைக்கு இன்னாசியின் வீட்டுக்கு வந்து, கேட்டு வாங்கி ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அதிலிருந்து இன்னாசிக்கு ஒரு நம்பிக்கை ஊறிவிட்டது. தலைவன் எவ்வளவு குதித்தாலும் சரி, சபை கூடிக் கை எண்ணாமல் படை நகராது. ஜெபமாலை உருட்டுகிறவருக்கு மாதா மேல் உள்ள நம்பிக்கைக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

அலெக்ஸ் பதினேழு வயதில் அப்பாவோடு வள்ளம் ஏறியவன். "ப்பா, போவமா?" என்று கேட்காமல் காலை நனைக்க மாட்டான். வளைகுடாவுக்குப் போனபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு பாட்டுக்குப் போகுமுன்னும் கூப்பிடுவான். பாடு என்றால் நாலைந்து நாள் கடலில் கிடந்து மீன் பிடித்துத் திரும்புவது. அங்கே அடிக்கிற காற்று வண்ணார்பேட்டை மாடியில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் அவன் கேட்பான், இவர் சொல்வார். அதில் அவருக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

இந்த வருடம் அந்தக் கடலில் ஒரு பெரிய நாட்டின் போர்க்கப்பல்கள் வந்து நின்றன. எந்த நாடு என்று நான் சொல்லப் போவதில்லை. பெயரைச் சொன்னால் உடனே கட்சி பிரிந்து சண்டை போட ஆரம்பித்துவிடுவோம், இன்னாசியை மறந்துவிடுவோம். அந்த நாட்டு அதிபர் தினமும் தொலைக்காட்சியில் வந்து அடிப்பேன் நொறுக்குவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்பது போதும்.

ஒரு வியாழக்கிழமை காலை, ஆன்லின் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள்: "மாமா, அவுகளைக் கிளம்பி வரச் சொல்லுங்க. எனக்கு மனசே சரியில்ல. நான் சொன்னா சிரிக்காவ. நீங்க சொன்னாத்தான் கேப்பாவ."

"பாப்போம்மா" என்றார் இன்னாசி.

பேத்தியை விட்டுவிட்டு வந்து நேராகச் சுந்தர்ராமனிடம் உட்கார்ந்தார். "சார், அந்த அதிபர் நெனச்சா நாளைக்கே சண்டையை ஆரம்பிச்சிர முடியுமா?"

சுந்தர்ராமனுக்குப் பழைய வகுப்பறை திரும்பக் கிடைத்தது. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அதெப்படி முடியும் இன்னாசி? படைக்குத் தலைவர் அவர்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா போர்னு அறிவிக்கிற அதிகாரம் அவங்க நாடாளுமன்றத்துக்கு. வேணும்னுதான் அப்படிப் பிரிச்சு எழுதிவச்சாங்க. ஒரு ஆள் கோபத்துல ஊரைக் கொளுத்திடக் கூடாது பாருங்க. வர்ற புதன்கிழமை சபை கூடுது. அங்க ஓட்டுக்கு விடணும்."

"கை எண்ணணும்."

"ஆமா, கை எண்ணணும்."

இன்னாசியின் முகம் மலர்ந்துவிட்டது. அவ்வளவு பெரிய நாட்டிலும் தன்னுடைய மணல்மேட்டு வழக்கம்தான் நடக்கிறது! எழுந்து படியேறத் தொடங்கிவிட்டார். சுந்தர்ராமன் பின்னாலிருந்து, "சட்டத்துல அப்படி இருக்கு இன்னாசி. ஆனா இப்பல்லாம் அதிபர்மாரு..." என்று ஏதோ இழுத்தார். இன்னாசியின் காதில் விழுந்தது. விழுந்தும் அவர் நிற்கவில்லை.

அன்று மதியம் அலெக்ஸ் கூப்பிட்டான். மறுநாள் பாட்டுக்குப் போகிற லாஞ்சு கரையில் கிடந்தது. ஐஸ் ஏற்றுகிற சத்தம் கேட்டது.

"ப்பா, இங்கன நெலமை ஒரு மாதிரியா இருக்கு. நாளைக்குக் காலைல ஒரு படகு பெரிய துறைமுகத்துக்குப் போவுது. ஊருக்குப் போறவன் அதுல ஏறிக்கலாம், பாஸ்போர்ட்டு தந்திருதேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. ஏறிரட்டுமா? ஆனா பாதி சீசன்ல போனா மறுபடி கூப்பிட மாட்டாவ."

"ஏலே, எதுக்கு அவசரப்படுதே? அவங்க சபை புதன்கிழமைதான் கூடுது. சபை கூடாம அந்தாளு ஒரு குண்டு போட முடியாது. சட்டமே அப்படித்தான். சார்கிட்ட கேட்டுட்டேன். இந்த ஒரு பாட்டை முடி. கரைக்கு வந்து ஓட்டு என்னாச்சுன்னு பாத்துட்டுப் பைய வா."

"அப்படியா சொல்லுதாவ?" அலெக்ஸின் குரலில் ஒரு நிம்மதி. பிறகு கேட்டான்: "ஆன்லின் என்ன சொல்லுதா?"

"அவ என்ன சொல்லுவா, பொம்பளப்புள்ள, பயப்படுதா. நான் சொல்லிக்கிடுதேன். நீ போயிட்டு வா."

சரிப்பா என்று அவன் போனை வைத்தான். மாலையில் ஆன்லின் வந்ததும் இன்னாசி சொன்னார்: "பேசிட்டேம்மா. இந்தப் பாட்டோட வந்திருவான்." நாளைக்கே ஒரு படகு இருப்பதை அவர் சொல்லவில்லை. எதற்கு அவளைப் போட்டுக் குழப்ப வேண்டும் என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான்.

திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் கடலில் மூன்று படகுகளை அந்த நாட்டுப் படை வானத்திலிருந்து அடித்தது. ஒன்று அலெக்ஸ் இருந்த லாஞ்சு. செவ்வாய் மதியம் பெர்லின் கூப்பிட்டான். அதே ஊர்ப் பையன், அதே லாஞ்சில் வேலை பார்த்தவன். நாலு மணி நேரம் ஒரு காலி டீசல் டப்பாவைப் பிடித்துக்கொண்டு மிதந்து கரைசேர்ந்தவன். அழுதுகொண்டே பேசினான். "அண்ணன் லாஞ்சுல முன்பக்கம் ஐஸ் பொட்டியை மூடிக்கிட்டு நின்னாவ மாமா. அப்புறம் அந்தப் பக்கமே இல்ல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

உடல் கிடைக்கவில்லை. ஆயுதம் கடத்திய படகுகள் என்று அதிபர் தொலைக்காட்சியில் சொன்னார். சீலா மீனும் ஐஸும் தவிர அதில் என்ன ஆயுதம் இருந்திருக்கும்? தூண்டில் முள்ளைச் சொன்னாரோ என்னவோ. சபையைக் கேட்காமல் செய்தீர்களே என்று நிருபர்கள் கேட்டதற்கு, இது போரே இல்லை, சின்ன நடவடிக்கை, இதற்கெல்லாம் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றாராம். சுந்தர்ராமன் அதைப் பேப்பரில் படித்தார். இன்னாசியிடம் வாசித்துக் காட்டவில்லை. அன்றிலிருந்து அவர் வாசல் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்.

ஊரில் மாதா கோயிலில் சவப்பெட்டி இல்லாமல் பூசை நடந்தது. ஆன்லின் முதல் வரிசையில் மகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. சுற்றியிருந்த பெண்கள் அவளை அழவைக்கப் பார்த்தார்கள். நெஞ்சு வெடித்துவிடும், அழுதுவிடு தாயி என்று கெஞ்சினார்கள். அவள் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

இன்னாசிக்கு அந்த மாடியில் மூச்சு முட்டியது. தெருவில் மீன் வண்டி மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டார். ஊருக்கே போய்விடலாம் என்று முடிவு செய்தார். கமிட்டிக்காரர்களிடம் பேசிப் பழைய வீட்டைச் சுத்தம் செய்யச் சொன்னார். சனிக்கிழமைக்கு ஒரு லோடு வண்டி பேசினார். பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினார். ஆன்லின் வந்து பார்த்தாள். சாக்குகளைச் சுற்றிப் போய்ச் சோறு வடித்தாள். இருபத்து மூன்றாம் நாள், புதன்கிழமை வரைக்கும் இப்படி ஓடியது.

அன்று மதியத்துக்கு மேல் சுந்தர்ராமன் மாடிக்கு வந்தார். ஆறு வருடத்தில் அவர் படியேறி வந்தது அதுதான் முதல் தடவை. கையில் பேப்பர் இல்லை.

"இன்னாசி, அந்தச் சபை... தள்ளித் தள்ளிப் போட்டாங்களே, நேத்து கூடிச்சு. எங்களைக் கேக்காம இனிமே படையை அனுப்பக் கூடாதுன்னு தீர்மானம் கொண்டுவந்தாங்க."

"என்னாச்சு?"

"தோத்துப்போச்சு. ஏழு ஓட்டுல."

இன்னாசி கையிலிருந்த சாக்குக் கயிற்றைக் கீழே வைத்தார். "ஏழு கையா" என்றார். பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கட்டி வைத்திருந்த சாக்கை ஓங்கித் தட்டினார். உள்ளே பாத்திரங்கள் கலகலத்தன. "கை தூக்காத அந்தப் பயலுவள்ள ஒருத்தனாவது கடல்ல கெடந்தவனோட பெஞ்சாதியைப் போய்க் கேட்டானா சார்? ஆம்பிள கடல்ல இருந்தா அந்த வீட்டுக் கை அவளுக்குத்தானே? அவளைக் கேக்காம இவனுவ எப்படி..."

அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

சுந்தர்ராமன் பயந்துபோய், "இன்னாசி? என்ன செய்யுது?" என்று தோளைப் பிடித்தார். இன்னாசி மெல்லச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். ஆன்லின் என்ன சொல்லுதா என்று அலெக்ஸ் அன்றைக்குக் கேட்டான். தலைவனைத் தட்டிக்கேட்ட இன்னாசி, மணிக்கயிற்றை விடாத இன்னாசி, முப்பத்துநாலு பெண்களின் கையை எண்ணிய இன்னாசி, தன் வீட்டில் இருந்த ஒரே கையை எண்ணவில்லை. அவள் காலையிலேயே அந்தக் கையைத் தூக்கிக் காட்டியிருந்தாள். வரச் சொல்லுங்க மாமா என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். அவர்தான் பார்க்கவில்லை.

"நானும் சொல்லிருக்கணும்" என்றார் சுந்தர்ராமன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "சட்டம் ஒண்ணு, நடப்பு ஒண்ணுன்னு நான் உங்களைப் பிடிச்சு உக்காரவச்சுச் சொல்லிருக்கணும். அன்னிக்கு எனக்குப் பாடம் நடத்துற சந்தோஷம்."

"நீங்க சொல்லத்தான் செஞ்சீய சார். நான் நிக்கல."

மாலையில் ஆன்லின் வந்தாள். செருப்பைக் கழற்றி வைத்து, மகளுக்குப் பால் ஆற்றிக் கொடுத்தாள். இன்னாசி எழுந்து அவளுக்கு முன்னால் போய் நின்றார். ஊர்க் கூட்டத்தில் தப்புச் செய்தவன் நிற்கிற மாதிரி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எம்மா, ஒரு காரியம் ஒங்கிட்ட மறைச்சிட்டேன். வெள்ளிக்கெழமை காலைல அவன் வந்திருக்கலாம். ஒரு படகு இருந்துச்சு. ஏறட்டுமான்னு எங்கிட்ட கேட்டான். நாந்தான் வேண்டாம்னேன்."

ஆன்லின் டம்ளரை வைத்தாள். "தெரியும் மாமா."

"தெரியுமா?"

"அன்னைக்கு நான் வார்டுல இருந்தேன். போனை வெளிய வாங்கி வச்சிருவாவ. மூணு தடவை கூப்பிட்டிருக்காவ. நான் எடுக்கலைன்னதும் பேசி அனுப்பியிருந்தாவ. அதுல படகைப் பத்தி இல்ல, அதைப் பெறகு பெர்லின்தான் சொன்னான்." அவள் போனை எடுத்து, தேடாமலே, ஒரு இடத்தில் விரலை வைத்தாள். ஐஸ் விழுகிற சத்தத்துக்கு நடுவே அலெக்ஸின் குரல் வந்தது. "ஏளா, போன எடுக்க மாட்டியா? அப்பாகிட்ட கேட்டுட்டேன். சபை கூடாம ஒண்ணும் நடக்காதாம். ஒங்கிட்டயும் சொல்லிக்கிடுதேன்னாவ. நீ பயப்படாத என்னா? பாப்பாவை அடிக்காத."

இருபத்து மூன்று நாளாக இதை வைத்துக்கொண்டா இவள் சோறு வடித்தாள்?

"ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல? என்னை நாலு ஏச்சு ஏசியிருக்கலாமே."

"ஏசி என்ன மாமா. அவுக போயிட்டாவ. இதைச் சொன்னா நீங்களும் போயிருவீயன்னு பயந்தேன். ஒங்களையும் விட்டா இவளுக்கு யாரு?" கொஞ்சம் பொறுத்து, பாலாடை ஒட்டிய டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தப் படகு இருக்குன்னு அன்னைக்குச் சாயங்காலம் சொல்லியிருந்தாக்கூட, நான் ராத்திரி முழுக்கக் கூப்பிட்டு ஏத்தி விட்டிருப்பேன்."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தார். அந்தச் சொல் ரொம்பச் சின்னதாகப் பட்டது. சுற்றிலும் அவர் கட்டிவைத்த சாக்குகள் கிடந்தன. சனிக்கிழமை வண்டி வரும். அதையும் அவர் யாரைக் கேட்டுச் சொன்னார்?

"தாயி" என்றார். "இப்பக் கேக்குதேன். ஊருக்குப் போவமா, இங்கன இருப்பமா? நீ சொல்லு. நீ சொல்லுததுதான்."

ஆன்லின் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவளுடைய உதடு கோணியது. பூசையில் அழாதவள், பெர்லின் போன் செய்த அன்று அழாதவள், அடுப்படிச் சுவரில் சாய்ந்து தரையில் சரிந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஸ்வீட்லின் ஓடிவந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இன்னாசி முழங்கால் வலியோடு கீழே உட்கார்ந்தார். தொடத் தயங்கி, பிறகு அவள் தலையில் கை வைத்தார்.

வெகுநேரம் கழித்து அவள் சொன்னாள்: "இங்கனயே இருப்போம் மாமா. ஒடம்பு கெடைக்கலைல்லா. ஒருவேளை எங்கயாவது கரை ஏறியிருந்தா, அவுக இந்த வீட்டுக்குத்தான் வருவாவ. நாம ஊருக்குப் போயிட்டா, வந்து பூட்டுன கதவைத் தட்டிக்கிட்டு நிப்பாவ."

அவன் வர மாட்டான் என்று இன்னாசிக்குத் தெரியும். அவர் கடலில் கிடந்தவர். இருபத்து மூன்று நாள் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நர்ஸ் வேலை பார்க்கிற அவளுக்கும் அது தெரியாமல் இருக்காது.

"சரி தாயி. நீ சொன்னபடியே" என்றார். வண்டிக்காரனுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முதல் சாக்கின் முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தார்.